அந்தோனியார் கெபியின் நிழல்

லூசியா ஒரு பயிரை அடியில் பிடித்து முறித்து, தண்டை நகத்தால் நீளத்துக்குக் கீறிப் பார்த்தாள். இலைக்குள் இலை, அதற்குள் இன்னொரு இலை. கதிரின் தடயமே இல்லை. இன்னொன்றை முறித்தாள். அதுவும் அப்படித்தான். தை பிறக்க ஒரு கிழமைதான் இருந்தது. வரம்புக்கு அந்தப் பக்கம் பெனடிக்ற்றின் வயலில் வெட்டு மெசின் ஓடிக்கொண்டிருந்தது. அதன் பின்னால் கொக்குகள் இறங்கி இறங்கி எழும்பின. பெனடிக்ற் விதைத்தது மூன்றரை மாதத்து நெல். அரசாங்கம் உரத்தை நிறுத்திய அந்த வருஷத்தில் அது முழங்காலுக்கு மேல் வளராமல் நோஞ்சானாக நின்றது. ஆனாலும் காலத்துக்குக் கதிர் தள்ளி, பழுத்து, இப்போது மூட்டைக்குள் போய்க்கொண்டிருந்தது. லூசியாவின் மொட்டைக்கறுப்பனோ நெஞ்சளவு உயரம், கரும்பச்சை. உரம் கேட்காத பழைய நெல் என்றுதான் அவள் அதைத் தேடி வாங்கி விதைத்தாள். கார்த்திகையில் அந்தப் பாதையால் போன எல்லோரும் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்கள். அப்போது கண் வைத்துவிட்டார்கள் என்று இப்போது ஊர் சொல்கிறது. சொல்கிறவர்களும் அன்றைக்கு நின்று பார்த்தவர்கள்தான்.

"புல்லு நல்லா வளர்ந்திருக்கு, லூசியா," என்று பெனடிக்ற் வரம்பில் நின்று கூப்பிட்டுச் சொன்னார். கோயில் சபைக்குத் தலைவர் அவர். பெரிய குரல். மெசின் சத்தத்தையும் மீறிக் கேட்கும். "மாட்டுக்கு விலை பேசலாம் போல கிடக்கு."

மெசின்காரர்கள் சிரித்தார்கள். லூசியா கையிலிருந்த தண்டை வாய்க்காலுக்குள் எறிந்தாள். மன்னாரில் கீரிக் கடற்கரையில் பிறந்து, கரைவலை இழுக்கிற வீட்டில் வளர்ந்து, உயிலங்குளத்துப் பக்கம் வயல்காரனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் அவள். வந்து பதினைந்து வருஷத்துக்கு மேலாகியும் ஊருக்கு அவள் கடற்கரைக்காரிதான். கறி நன்றாக வைத்தால் கடற்கரைக்காரியின் கை என்பார்கள். பயிர் பிழைத்தால் கடற்கரைக்காரிக்கு வயல் என்ன தெரியும் என்பார்கள். புருஷன் எட்வேட் இருந்தவரைக்கும் அவன் அதைச் சிரித்தே கடத்திவிடுவான். அவன் போன பிறகு அவள் தனியாக நின்று கேட்க வேண்டியிருந்தது.

எட்வேட் போனது இந்த வயலோரத்தில்தான். உயிலங்குளத்திலிருந்து உள்ளே பிரிகிற பாதை வயல் மூலையில் சட்டென்று வளைகிறது. அந்த வளைவில் அந்தோனியார் கெபி. கெபி என்றால் ஊர் சேர்ந்து கட்டிய சின்னக் கட்டடம். உள்ளே புனிதரின் சுருவம், மேலே கூம்பு, கூம்பின் நுனியில் ஒரு சிலுவை. முன்னிருட்டில் வயலுக்குத் தண்ணீர் மாறிவிட்டு வரம்பேறி வந்தவனை மணல் ஏற்றிய டிப்பர் அடித்துவிட்டுப் போனது. வெளிச்சம் இல்லாததால் ஆளைத் தெரியவில்லை என்று சாரதி சொன்னான். அந்தச் சொல் லூசியாவின் தலைக்குள் தங்கிவிட்டது. எட்வேட்டின் அண்ணன் எமிலியானுஸ் ஜெர்மனியிலிருந்து செத்தவீட்டுக்கு வர முடியாமல் ரெலிபோனில் குழறி அழுதபோது அவள் அதைத்தான் சொன்னாள். "ஒரு லைற் இருந்திருந்தா அவர் இருந்திருப்பார், அத்தான்." ஆண்டுத் திவசத்துக்கு முன்னரே, அவர் அனுப்பிய காசில், கெபிக்குப் பின்னால், பாதையோரம், உயரமான தூண் ஒன்று எழும்பியது. மன்னாரிலிருந்து வஸீர் என்ற மின்சாரக்காரர் வந்து பூட்டிய பெரிய வெள்ளை வெளிச்சம். பொழுது பட்டால் தானாகப் பற்றும், விடிந்தால் தானாக நூரும். தூணில் எட்வேட்டின் பெயர் எழுதியிருந்தது. சுவாமியார் வந்து மந்திரித்துத் திறந்து வைத்தார்.

அன்றைக்கு வஸீர் ஏணியில் நின்று, வெளிச்சத்தைப் பாதைப் பக்கம் மட்டும் திருப்பிக்கொண்டிருந்தார். லூசியாதான் கீழே நின்று கேட்டாள். "தம்பி, கொஞ்சம் வயலுக்கும் விழட்டும். காட்டுப்பண்டி வருது. காவலுக்குப் படுக்க எனக்கு ஆள் இல்லை." உண்மை அதுதான். ஆனால் அதற்குள் இன்னொன்றும் இருந்தது. எட்வேட்டின் பெயர் எழுதிய வெளிச்சம் எட்வேட்டின் வயலில் விழ வேண்டும் என்று அவளுக்கு ஆசையாக இருந்தது. வஸீர் வெளிச்சத்தின் முகத்தை நிமிர்த்தித் திருப்பினார். அன்றிரவே முழு வயலும் பட்டப்பகல் மாதிரியானது. அவள் வீட்டு வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டே அழுதாள், சந்தோஷத்தில்தான்.

வயல் எமிலியானுஸின் பெயரில் இருந்தது. தாய் தகப்பன் மூத்தவனுக்கு எழுதி வைத்த காணி. தம்பிதான் செய்தான், தம்பிதான் தின்றான், அதை யாரும் கேட்கவில்லை. எட்வேட் செத்த பிறகு கேட்க வேண்டியிருந்தது. லூசியாவுக்குப் பிள்ளைகள் இல்லை. "நீர் ஒரு காலபோகம் விளைவிச்சுக் காட்டும்," என்றார் எமிலியானுஸ். "கதிர் வந்தா உம்மட பேரிலயே எழுதித் தாறன். ஏலாட்டி பெனடிக்ற்றிட்டக் குடுப்பம். அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்." கொடுமைக்காரர் சொல்கிற சொல் இல்லை அது. வெளிநாட்டில் கிடந்து குளிரில் உழைக்கிற மனிதர், காணி தரிசாய்க் கிடக்கக் கூடாது என்று நினைத்தார். லூசியாவுக்கோ அதை விட்டால் கீரிதான். தம்பி சந்தியோகுவின் வீட்டு அடுப்படியில், அவன் மனைவி மூஞ்சையைத் தூக்கும்போதெல்லாம் தானும் தலையைக் குனிந்துகொண்டு, கருவாட்டுக்கு உப்புப் போட்டுக் காலத்தைக் கழிக்க வேண்டியதுதான்.

வெளிச்சம் பூட்டிய அன்றைக்குப் போனதோடு சரி, அவள் அந்த வளைவுப் பக்கம் போவதில்லை. வீட்டுப் பக்கத்து வரம்பால் வருவாள், அங்கேயே நின்று பார்ப்பாள், அதே வழியால் திரும்புவாள். கெபியடிக்குப் போனால் அந்தச் சாயந்தரத்தைக் கண்ணால் காண்பாள் என்று பயம். தண்ணீர் மாறுவதைக்கூட மற்றப் பக்கத்திலிருந்துதான். அன்றைக்குப் பெனடிக்ற்றின் சொல்லும் மெசின்காரரின் சிரிப்பும் அவளைக் கிளப்பிவிட்டன. வாறது வரட்டும் என்று சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பயிருக்குள் இறங்கினாள். ஒரு மூலையிலாவது, ஒரு பிடியாவது கதிர் இருக்காதா என்று கெபியை நோக்கிக் கையால் பயிரை விலக்கிக்கொண்டு போனாள். இலையின் விளிம்பு முழங்கையைக் கீறியது.

கெபிக்கு நேர் முன்னால், பயிரின் நடுவில், பொன்னாய் ஒரு துண்டு நின்றது.

முதலில் அவள் அதைக் காய்ந்த பயிர் என்று நினைத்தாள். கிட்டப் போய்த் தொட்டபோது நெல் கையில் உரசியது. முற்றிய நெல். கறுப்போடிய உமி, உள்ளே சிவத்த அரிசி. பல்லில் வைத்துக் கடித்தாள், நறுக்கென்றது. கதிர்கள் பாரத்தில் வளைந்து கிடந்தன. ஒரு பாய் அகலத்தில் கெபியின் காலடியிலிருந்து தொடங்கி, வயலுக்குள் போகப் போக அகன்று, பிறகு கூம்பி, கடைசியில் மெல்லிய வாலாய் முடிந்தது. அந்த வாலுக்குக் குறுக்கே இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் பழுத்திருந்தது. அதற்கு வெளியே ஓரடி தள்ளினால் மறுபடி அதே பச்சை, அதே வெறுந்தண்டு. ஒரே விதை, ஒரே நாள் விதைப்பு, ஒரே தண்ணீர். லூசியாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அங்கேயே வரம்பில் குந்திவிட்டாள். மெசின் நின்றது, ஆட்கள் போனார்கள், பொழுதும் இறங்கியது.

பிறகு தூணில் வெளிச்சம் பற்றியது. ஒரு கணம் கண் கூசியது. கண்ணைத் திறந்தபோது கெபியின் நிழல் வயலில் விழுந்து கிடந்தது. கட்டடத்தின் அகலம், மேலே கூம்பு, கூம்பின் நுனியில் சிலுவை. பழுத்த துண்டின் மேல் அது பிசகாமல் படுத்திருந்தது. விளிம்பு விளிம்போடு நின்றது. இருட்டு விழுந்த இடத்தில் நெல், வெளிச்சம் விழுந்த இடமெல்லாம் புல்.

அவளுக்கு அது விளங்கியது கடற்கரைப் பிறவி என்பதால்தான். நிலவு காலத்தில் கடலுக்குப் போய் வெறும் வலையோடு திரும்புகிற தகப்பனை அவள் கண்டிருக்கிறாள். இருட்டுக் காலத்துக்குக் காத்திருப்பார்கள். மீனுக்கு இருட்டு வேண்டும் என்று கீரியில் எந்தப் பெட்டையும் சொல்வாள். நெல்லுக்கும் அப்படி ஒரு கணக்கு இருக்கும் போல என்று அவள் நினைத்தாள். மாரியில் பகல் குறுகி இரவு நீள, இனிக் கதிர் தள்ளலாம் என்று அது அறிந்துகொள்ளும் போல. இரவே வராத வயலில் எதைக் கண்டு அது அறியும்? இன்னும் காலம் இருக்கிறது என்று நம்பி இலை விட்டுக்கொண்டே நின்றிருக்கிறது, பாவம். பெனடிக்ற்றின் புது நெல்லுக்கு அந்தக் கணக்கெல்லாம் இல்லை. நாளாகிவிட்டால் அது வந்துவிடும். "என்ர வாயாலயே கேட்டனான்," என்று சத்தமாகச் சொன்னாள். தலையில் அடித்துக்கொண்டாள். இரண்டு கிழமை முந்தி வந்து பார்த்திருந்தால் என்று நினைக்க நினைக்க அவளுக்குத் தன் மேலேயே வெறுப்பாக வந்தது.

ஆனாலும் அன்றைக்கு அவள் நித்திரைக்குப் போனது ஒரு தெம்போடுதான். கையில் அத்தாட்சி இருக்கிறது. கண்ணுள்ள எவருக்கும் காட்டலாம். வெளிச்சத்தைப் பாதைப் பக்கம் திருப்பிவிட்டால் பிந்தியாவது கதிர் வரும். விடிந்ததும் பெனடிக்ற்றின் வீட்டுக்குப் போனாள். கெபியின் மின்சாரப் பெட்டியைப் பூட்டுகிற திறப்பு அவரிடம்தான் இருந்தது. அவர் தேத்தண்ணியை வைத்துவிட்டு, கடற்கரைக்காரி என்னதான் சொல்லுறாள் பார்ப்பம் என்கிற முகத்தோடு வந்தார். அவள் முன்னால் போய் பயிரை விலக்கிக் காட்டினாள்.

"பாருங்கோ அண்ணை. கெபியின்ர நிழல் விழுற இடம் மட்டும் விளைஞ்சிருக்கு. மற்றதெல்லாம் அந்த லைற்றால வந்த வினை. இரவில அதை நூர்த்து விடுங்கோ. இல்லாட்டி பாதைப் பக்கம் திருப்பி விடுங்கோ."

பெனடிக்ற் பழுத்த துண்டை அடியிலிருந்து நுனிவரை பார்த்தார். நுனியில் அவர் கண் நின்றது. தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்த்தார். பிறகு சேற்றுக்குள் முழங்காலில் இருந்தார்.

"அண்ணை?"

"சிலுவை," என்றார் அவர். அந்தப் பெரிய குரல் எங்கே போனதென்று தெரியவில்லை. "அந்தோனியாரே. சிலுவை."

"அது நிழல், அண்ணை. கூம்பில இருக்கிற சிலுவையின்ர நிழல். பின்னேரம் லைற் பத்தினாப் பிறகு வந்து பாருங்கோ, அப்பிடியே விழும்."

"நிழல் விழுந்த இடத்தில நெல்லு சாகிறதை நான் பார்த்திருக்கிறன், லூசியா. மரநிழலில கதிர் பதராப் போகும். நாப்பது வருஷமா வயல் செய்யிறன். நிழலில நெல்லு விளைஞ்சதை இண்டைக்குத்தான் காணுறன்." அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. "உனக்கு விளங்கேல்லையா? புனிதரின்ர நிழல் பட்ட இடம்."

அவர் நடிக்கவில்லை. அதுதான் கொடுமை. நடித்திருந்தால் லூசியா அவருடைய சட்டையைப் பிடித்திருப்பாள்.

மத்தியானத்துக்குள் ஊர் கூடிவிட்டது. செவ்வாய்க்கிழமை வேறு, அந்தோனியாரின் நாள். மெழுகுதிரி வந்தது, பூ வந்தது, ரெலிபோனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுக்கிறவர்கள் வந்தார்கள். மரத்தில் ஏறி மேலிருந்து எடுத்த படத்தில் சிலுவை இன்னும் வடிவாகத் தெரிந்தது. பின்னேரமாவதற்குள் அந்தப் படம் கனடாவுக்கும் ஜெர்மனிக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. சுவாமியார் வந்து, பொறுங்கோ, அவசரப்பட்டு அற்புதம், புதுமை எண்டு சொல்லாதேங்கோ என்றார். அவர் சொன்னதைக் கேட்டவர்கள் ஓம் சுவாமி என்றார்கள், சொல்லிவிட்டு மறுபடி முழங்காலில் இருந்தார்கள். முதலில் யாரோ ஒருத்தி பாயில் கிடக்கிற வருத்தக்காரப் பிள்ளைக்கென்று ஒரு கதிரைக் கிள்ளினாள். பிறகு எல்லோரும் கிள்ளினார்கள். லூசியா ஓடி ஓடித் தடுத்தாள். "விதைக்காவது விடுங்கோ," என்று கெஞ்சினாள். ஒரு கிழவி அவள் கையைப் பிடித்து, "பாக்கியவதி, உன்ர வயலையல்லோ அந்தோனியார் தெரிஞ்செடுத்தவர்," என்று முத்தமிட்டாள். அந்த ஒரு பாய் அகல நெல்லும் பின்னேரத்துக்குள் வீடு வீடாய்ப் போய்ச் சேர்ந்தது, சுருவங்களுக்குப் பின்னால் செருகி வைக்க. சுற்றிலும் நின்ற பச்சைப் பயிர் ஆயிரம் காலில் மிதிபட்டுக் கிடந்தது.

கமக்காரர் அமைப்பின் தலைவர் இரத்தினம் பாதையில் சைக்கிளோடு நின்றுகொண்டிருந்தார். அடுத்த ஊர்ச் சைவக்காரர். எட்வேட்டும் அவரும் ஒன்றாகத் தண்ணீருக்குச் சண்டை போட்டு ஒன்றாகக் கள்ளுக் குடித்தவர்கள். லூசியா அவரிடம் போய் விஷயத்தைச் சொன்னாள். அவர் தூணைப் பார்த்தார், கெபியைப் பார்த்தார், வயலைப் பார்த்தார்.

"நீங்கள் சொல்லுறதுதான் சரி போல கிடக்கு, தங்கச்சி. பழைய நெல்லுகள் மார்கழி இருட்டுக்குத்தான் கதிருக்குக் குடலை கட்டும். எந்த மாதம் விதைச்சாலும் அப்பிடித்தான்."

"அதைக் கொஞ்சம் அவையளுக்குச் சொல்லுங்கோ, அண்ணை. நான் சொன்னா எடுபடாது."

இரத்தினம் சைக்கிள் மணியை விரலால் துடைத்தார். "நான் சைவக்காரன். அந்தோனியார் செய்தது புதுமையில்லை, லைற் செய்த வேலை எண்டு நான் வாய் திறந்தா, நாளைக்குக் கதை வேற மாதிரிப் போகும். ஊருக்கும் ஊருக்கும் சண்டை மூளும். என்னைக் கேளாதேங்கோ." போகும்போது ஒருதரம் நின்று, "தண்ணி நான் பார்த்து விடுறன். குளம் பூட்டினாலும் என்ர வாய்க்காலால விடுறன்," என்றார். அவரால் முடிந்தது அவ்வளவுதான் என்று லூசியாவுக்குத் தெரிந்தது. தெரிந்தும் அந்த நேரம் அவரை மன்னிக்க முடியவில்லை.

எமிலியானுஸ் ரெலிபோன் எடுத்தபோது பொழுது பட்டுச் செக்கலாகிவிட்டது. அவர் அழுதுகொண்டிருந்தார்.

"லூசியா, என்ர தம்பியின்ர ஆத்துமம் மோட்சத்துக்குப் போயிட்டுது. அதுக்குத்தான் இந்த அடையாளம்."

"அத்தான், நான் சொல்லுறதைக் கேளுங்கோ. அது நிழல். அந்த லைற்றாலதான் மற்றப் பயிரெல்லாம் கதிர் தள்ளாமல் நிக்குது. ஒரு மாதம் நூர்த்து வைச்சா எல்லாம் வந்திடும்."

மறுபக்கம் அழுகை நின்றது.

"என்ர தம்பியின்ர பேரில எரியுற வெளிச்சத்தை நூர்க்கச் சொல்லுறீர். அவன்ர பெண்சாதி நீர் சொல்லுறீர்."

"அவரின்ர வயலுக்காகத்தான் கேக்கிறன், அத்தான்."

"அது இனி வயல் இல்லை. அந்தோனியார் கேட்ட நிலம். அதில ஒரு சிற்றாலயம் கட்டப்போறம். பெனடிக்ற்றோட கதைச்சிட்டன். இஞ்ச உள்ள ஆக்களும் சேருறினம்."

"கதிர் வந்தா எனக்கு எழுதித் தாறன் எண்டனீங்கள்."

"ஓம், சொன்னனான். வந்ததோ?"

லூசியா ரெலிபோனைக் காதிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அதற்குள்ளிருந்து அவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தது சின்னதாகக் கேட்டது. உமக்கு ஒரு குறையும் வராது, கோயிலைக் கூட்டிப் பராமரிக்கிற வேலை உமக்குத்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு வெளிச்சம் போதாது, மூன்று வேண்டும் என்று முடிவானது. தைப்பொங்கலுக்கு முதல் நாள் வஸீர் வந்து பழையதை இறக்கினார். மூன்றுக்கும் புது வயர் இழுக்க வேண்டும், புதுப் பெட்டி வேண்டும் என்றார். சாமானுக்குக் கொழும்புக்குச் சொல்லி அனுப்பினார். கொழும்பில் சாமான் இல்லை. டொலர் இல்லை, கப்பல் இல்லை, பால்மாவே இல்லாத நாட்டில் வயருக்கு எங்கே போவது. இன்றைக்கு வரும் நாளைக்கு வரும் என்று அவர் பெனடிக்ற்றுக்குச் சாட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். அன்றைக்கு இரவு, இறந்தவன் பெயர் எழுதிய தூண் மொட்டையாய் நிற்க, வயல் இருட்டியது. மறுநாளும் இருட்டியது. ஊரெல்லாம் அரசாங்கத்தைத் திட்டியது. லூசியா மட்டும் மனதுக்குள் கும்பிட்டாள். யாரைக் கும்பிட்டாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

அவள் ஒருவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. மிதிபட்ட பயிரைத் தூக்கி நிமிர்த்தினாள். இரத்தினம் சொன்னபடி தண்ணீர் விட்டார், ஆள் பார்க்காத நேரமாய்ப் பார்த்து. அறுவடை முடிந்த வயல்களில் மாடு அவிழ்க்கிற நாளைக் கமக்காரர் கூட்டத்தில் வைப்பது வழக்கம். அந்த நாள் வந்தால் எந்த வயலிலும் பட்டி மாடு இறங்கலாம், எவரும் கேட்க முடியாது. இரத்தினம் ஏதோ காரணம் சொல்லி அதை மார்ச் நடுப்பகுதிக்குத் தள்ளி வைத்தார். மாடுகளுக்கு மேய்ச்சல் இல்லை என்று ஆட்கள் முறுமுறுத்தார்கள். லூசியாவைப் பார்த்துத்தான் அவர் தள்ளினார் என்று எல்லோருக்கும் தெரியும். அதற்கும் ஒரு கதை கட்டினார்கள்.

பெப்ரவரி தொடங்கி ஒரு கிழமையில் அவள் தண்டை முறித்துக் கீறினாள். இலைகளுக்குள் வெள்ளையாய் ஒரு பொடிக் கதிர் இருந்தது. விரல் நகத்தளவுகூட இல்லை. அவள் அதைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு, குழந்தையை மூடுகிற மாதிரி இலையைத் திரும்பவும் மூடினாள். பிறகு தண்டு உருண்டு வீங்கியது. பிறகு ஒரு காலையில் வீட்டுப் பக்கத்து வரம்போரம் முதற்கதிர் பிதுங்கி நின்றது. அந்தக் கிழமை முடிவதற்குள் வயல் முழுக்க. பூத்தபோது ஒரு மணம் வந்தது, பச்சரிசியைக் கழுவின தண்ணீரின் மணம். அவள் வரம்பு வரம்பாக நடந்து நடந்து அதை முகர்ந்தாள். செத்த மனிசனுக்குச் சொல்லுகிற மாதிரி, "வந்திட்டுது, பாருங்கோ," என்று சொன்னாள். எட்வேட் செத்த இடத்தில் நின்றே சொன்னாள். இப்போது அந்த வளைவைக் கண்டு அவளுக்குப் பயம் இல்லை.

எமிலியானுஸ் அந்தக் கிழமைதான் வந்து இறங்கினார். அவள் அவரைக் கையைப் பிடிக்காத குறையாகக் கூட்டிவந்து வயலைக் காட்டினாள். ஒரு கதிரை நசுக்கிப் பாலைக் காட்டினாள். "கதிர் வந்திட்டுது, அத்தான். ஒரு மாதம் தாங்கோ. வெட்டிப்போட்டுத் தாறன், பிறகு கோயிலைக் கட்டுங்கோ. இல்லாட்டி நீங்கள் சொன்ன சொல்லை நினைச்சுப் பாருங்கோ."

அவருடைய முகம் இளகியதை அவள் கண்டாள். அவர் கதிரைத் தடவினார். ஆனால் பக்கத்தில் பெனடிக்ற் நின்றார்.

"அடிக்கல்லு செவ்வாய்க்கிழமை," என்றார் பெனடிக்ற். "அதுக்கடுத்த நாள் விபூதிப் புதன். தவக்காலம் தொடங்கிட்டா நாப்பது நாளைக்குக் கொண்டாட்டம் ஒண்டும் இல்லை. உங்களுக்கு லீவும் அவ்வளவு இல்லையே, எமிலியானுஸ்."

எமிலியானுஸ் கதிரை விட்டார். அது திரும்பவும் தன் இடத்துக்குப் போய் ஆடியது. "வயல் முழுக்கக் கதிர் வந்ததும் அந்தோனியாரின்ர ஆசீர்வாதம்தான், லூசியா," என்றார். "லைற்றும் நிழலும் இல்லாமலே வந்திருக்கெண்டா, நிழலாலதான் விளைஞ்சதெண்டு நீர் அண்டைக்குச் சொன்னது பிழையெண்டுதானே வருது?"

வெளிச்சத்தை எடுத்ததால்தான் வந்தது என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். இரண்டு பேருடைய முகத்தையும் பார்த்தாள். பிறகு திரும்பி வரம்பால் வீட்டுப் பக்கம் நடந்தாள்.

திங்கட்கிழமை பின்னேரம் பெனடிக்ற் தன் பட்டி மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்தார். பந்தல் போட வயல் துப்புரவாக வேண்டும். மெசினுக்கு எண்ணெய் இல்லை, மாடு தின்றால் சுகம். செய்தி கேட்டு இரத்தினம் சைக்கிளை உழக்கிக்கொண்டு வந்தார். "மாடு அவிழ்க்கிற நாள் இன்னும் வரேல்லை, பெனடிக்ற். கூட்டத்தில வைச்ச நாள்," என்று மூச்சு வாங்கினார்.

"அது வயலுக்கு வைச்ச நாள். இது கோயில் காணி."

இரத்தினம் லூசியாவைப் பார்த்தார். அவள் வரம்பில் குந்தியிருந்தாள். கையில் ஒரு கதிர் இருந்தது. அவள் ஒவ்வொரு மணியாக நசுக்கிக்கொண்டிருந்தாள். பால் விரலில் வழிந்து முழங்கைவரைக்கும் ஓடியிருந்தது. முதல் மாடு வாய்க்காலைத் தாண்டி இறங்கி, நிமிர்ந்து ஒருதரம் பார்த்துவிட்டுக் குனிந்தது. பாலேறிய கதிர் மாட்டுக்கு நல்ல ருசி. மாரி முழுக்கக் காட்டில் கிடந்து இளைத்த மாடுகள். ஒன்றையொன்று முட்டித் தள்ளிக்கொண்டு இறங்கின. இழுத்து அறுக்கிற சத்தம் மட்டும் வயல் முழுக்கக் கேட்டது. இரத்தினம் சைக்கிளைத் திருப்பி உருட்டிக்கொண்டு போனார்.

பொழுது படுகிற நேரம் வயலில் காலடித் தடமும் தாள்கட்டையும் மட்டும் மிச்சம். அன்றைக்குத்தான் வஸீருக்குச் சாமான் கிடைத்திருந்தது, எங்கேயோ கெஞ்சிக் கூத்தாடி வாங்கியிருந்தார். ஏணியில் ஏறி மூன்றையும் அதே தூணில், பழையது நின்ற இடத்திலேயே நெருக்கிப் பூட்டிவிட்டு, கீழே நின்ற லூசியாவைக் கண்டதும் அவருக்குப் பழைய ஞாபகம் வந்தது.

"அக்கா, வயல் பக்கமும் விழட்டோ?" என்று மேலிருந்து கேட்டார். பாவம், உதவியாகத்தான் கேட்டார்.

அவள் முழங்கையில் காய்ந்த பாலைச் சீலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் வெளிச்சங்களின் முகங்களை நிமிர்த்தி வயல் பக்கமே திருப்பிவிட்டு இறங்கினார். மூன்றும் ஒன்றாகப் பற்றின. பந்தற்காரர்கள் கை தட்டினார்கள். மாடு தின்ற வயல் முழுதும் வெள்ளையாய், ஒவ்வொரு குளம்படியும் தனித்தனியே தெரியுமளவுக்கு விரிந்து கிடந்தது. நடுவில் கெபியின் நிழல் விழுந்தது. அகலம், கூம்பு, நுனியில் சிலுவை. எல்லாம் பிசகாமல் இருந்தது. அது விழுவதற்கு அங்கே இப்போது பயிர் ஒன்றும் இல்லை, சேறும் சாணியும்தான்.

லூசியா செருப்பைக் கழற்றி வரம்பில் வைத்தாள். சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். சேற்றில் கால் புதையப் புதைய நடந்துபோய், அந்த இருட்டுத் துண்டுக்குள் நுழைந்து, முகத்தைக் கெபிப் பக்கம் திருப்பாமல் நின்றாள். பந்தலிலிருந்து யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். வெளிச்சத்தில் நின்று பார்த்தவர்களுக்கு அவளைத் தெரியவில்லை.